வாசிச்சாச்சு சரி, புரிஞ்சுதா?

எங்க ஊர்க்காரங்க வெளியூருக்குப் போனா பெருமையா சொல்லுற விஷயம் ரெண்டு. ஒண்ணு முக்கடல். இன்னொண்ணு படிப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். 2001 கணக்கெடுப்பிலும் நாமதான் முதலிடம். 1800களின் ஆரம்பத்தில் மயிலாடியில் ரிங்கல்தௌபே பள்ளிக்கூடம் தொடங்கின காலத்திலிருந்து கணக்குப் போட்டா இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. திருவிதாங்கூர் சமஸ்தானம் போயி, 1956 நவம்பர் 1-ந்தேதி தமிழ்நாட்டோட சேர்ந்து, அதுக்கப்புறமும் இந்தப் பெருமைக்கு ஒரு குறையும் வரல. கொள்ளாம்.

ஆனா அந்தக் கணக்கெடுப்பில் எழுத்தறிவுக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தை யாராவது முழுசா வாசிச்சிருக்கீங்களா? ஏழு வயசும் அதுக்கு மேலேயும் உள்ள ஒருத்தர், ஏதாவது ஒரு மொழியில் *புரிந்துகொண்டு* எழுதவும் வாசிக்கவும் முடிஞ்சா அவர் எழுத்தறிவு பெற்றவர். "புரிந்துகொண்டு" என்கிற அந்த ஒரு வார்த்தையை யாரு சோதிச்சுப் பாத்தா? கணக்கெடுக்க வந்தவரு திண்ணையில உக்காந்து, "எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்லா?"ன்னு கேட்டிருப்பாரு. வீட்டுல உள்ளவங்களும் "அது தெரியாம?"ன்னு சொல்லியிருப்பாங்க. முடிஞ்சுது.

நான் பொட்டி தட்டுற ஆளு. வாத்தியாரும் இல்ல, கல்வியாளரும் இல்ல. ஆனா இந்த ஒரு வார்த்தையில எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல். நம்ம வீடுகள்ல பிள்ளை வாசிக்குதுன்னா என்ன அர்த்தம்? சத்தம் வரணும். அம்மா அடுக்களையில தேங்கா துருவிக்கிட்டு இருப்பாங்க, பிள்ளை முன்னறையில உக்காந்து வாசிக்கும். சத்தம் நின்னா "என்ன, படிப்பு நின்னுபோச்சு?"ன்னு ஒரு குரல் வரும். சத்தம் திரும்ப ஆரம்பிச்சா தேங்கா துருவலும் ஆரம்பிக்கும். பிள்ளை வாய்க்குள்ள போனது மண்டைக்குள்ள போச்சாங்கிறது இந்த ஏற்பாட்டுல எங்கயும் தெரிய வராது.

ஒரு சின்ன சோதனை. கீழே உள்ள வரியை வாசிச்சுட்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்க.

"குறுமன் மாலை நேரத்தில் பிளாந்தையை முளட்டினான்."

1. பிளாந்தையை முளட்டியவன் யார்?
2. குறுமன் எதை முளட்டினான்?
3. குறுமன் எப்போது பிளாந்தையை முளட்டினான்?

மூணுக்கு மூணு மார்க் வாங்கியிருப்பீங்க. வாழ்த்துகள் :-) பிளாந்தைன்னு ஒரு சாமானும் கிடையாது, முளட்டுறதுன்னு ஒரு வேலையும் கிடையாது, ரெண்டும் நான் இப்பதான் கண்டுபிடிச்சது. நம்ம பரீட்சைகள்ல வர்ற ஒரு வரி வினா விடையில முக்கால்வாசி இந்த ரகம்தான். கேள்வியில இருக்கிற வார்த்தையை பாடத்துல தேடு, அதுக்குப் பக்கத்துல இருக்கிற வார்த்தையை எடுத்து எழுது. எங்க தொழில்ல இதுக்கு பத்து வரி புரோகிராம் போதும். கோடிட்ட இடத்தை நிரப்புறதுக்கு அதுவும் வேண்டாம். இப்படியே அஞ்சாறு வருஷம் நூத்துக்குத் தொண்ணூறு வாங்கிட்டு வர்ற பிள்ளைக்கு வாசிச்சா புரியலைங்கிறதே யாருக்கும் தெரியாது, பிள்ளை உட்பட.

எப்ப தெரியும்? தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு, அதிகமா யாரும் பேச மாட்டாங்க. உலக அளவுல 15 வயசுப் பிள்ளைகளுக்கு பிசான்னு ஒரு சோதனை நடத்துவாங்க. மனப்பாடத்தைக் கேட்க மாட்டாங்க. ஒரு அறிவிப்பு, ஒரு கடிதம், ஒரு வரைபடம் இப்படி எதையாவது கொடுத்து, இதை வாசிச்சு என்ன முடிவுக்கு வர்றேன்னு கேட்பாங்க. அதோட 2009 சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து ரெண்டே மாநிலங்கள் கலந்துக்கிட்டது. இமாச்சலப் பிரதேசமும் தமிழ்நாடும். படிப்புல முன்னால இருக்கிற மாநிலங்கள்னுதான் அனுப்பினது. 2011 டிசம்பரில் முடிவு வந்துது. வாசிப்பில் அடிப்படை மட்டத்தையாவது தொட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சுமார் 17 சதவீதம். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பில் அந்தச் சராசரி 81 சதவீதம். எழுபத்து சொச்சம் இடங்கள் கலந்துக்கிட்ட பட்டியல்ல நாம கடைசி வரிசையில. அதுக்குப் பிறகு வந்த சுற்றுகளுக்கு இந்தியா போகவே இல்ல. கேள்விகள் நம்ம பிள்ளைகளோட சூழலுக்கு சம்பந்தமில்லாததா இருக்குன்னு ஒரு காரணம் சொன்னாங்க. அதுல ஒரு உண்மை இருக்கு, பிறகு வர்றேன். ஆனா அந்தப் பிள்ளைகள்ல நிறைய பேர் எழுத்துக் கூட்டாம வாசிக்கத் தெரிஞ்சவங்க. பத்தாங்கிளாஸ் பாஸாகப் போறவங்க. எங்க பாஷையில சொன்னா, கம்பைல் ஆகுது, எர்ரர் இல்ல, ரன் பண்ணினா ஒண்ணும் வெளிய வரல.

ஏன் வரல? என் அக்கா பையன் மூணாங்கிளாஸ் படிக்கான். இங்கிலீஷ் மீடியம். நான் திருவனந்தபுரத்துல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தா சனிக்கிழமை காலம்பற தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்துருவான். ஒரு நாளு விவசாயத்தைப் பத்தி ஒரு பாடம். எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி வாசிச்சான், ஒரு இடத்துல திக்கல. உழவர் நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டார்ங்கிற மாதிரி ஒரு வாக்கியம் வந்துது.

"நாற்றங்கால்னா என்ன மக்களே?"

கொஞ்சம் யோசிச்சான். "நாத்தம் அடிக்குற காலுன்னு நினைக்கேன் மாமா. வயல்ல சேத்துல மிதிச்சிருப்பாருல்லா?"

அக்கா சிரிச்ச சிரிப்புல பாலு பொங்கிப்போச்சு. எனக்கும் சிரிப்பு வந்துது. ஆனா பையன் சொன்னதைக் கவனிங்க. அவன் சும்மா உளறல. கையில இருக்கிற ரெண்டு வார்த்தையை வச்சு, வயல், சேறு, காலுன்னு ஒரு படத்தைக் கட்டியிருக்கான். வாசிச்சுப் புரிஞ்சுக்கிறதுங்கிறது இந்த வேலைதான். அவன்கிட்ட இல்லாதது மூளை இல்ல, நாத்து. நாஞ்சில்ன்னாலே கலப்பைன்னு அர்த்தம். கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு பூ விளைஞ்ச நாட்டுல, எட்டு வயசுப் பிள்ளைக்கு நாற்றங்கால் தெரியல. எங்க வீட்டுக்குப் பின்னால வயலா கிடந்த இடத்துல இப்ப பிளாட் கல்லு நட்டிருக்கு. அவன் எங்க போயி பாப்பான்?

அன்னைக்கு சாயங்காலம் பைக்குல வச்சு தேரூர் பக்கம் கூட்டிட்டுப் போனேன். நெருக்கமா பச்சைப் பசேல்னு நாத்து நிக்குறதையும், அந்தப் பக்கம் பொம்பளைங்க வரிசையா நடுறதையும் பாத்தான். அடுத்த வாரம் அதே பாடத்தை வாசிச்சப்ப வேகம் குறைஞ்சிருந்தது. அந்த வாக்கியம் வந்ததும் நிறுத்திட்டுக் கேட்டான்: "பிடுங்கினா செடி செத்துப்போகாதா மாமா?" வேகம் குறைஞ்சுபோச்சேன்னு அக்காவுக்குக் கவலை. எனக்கு சந்தோஷம். பாடத்துல இல்லாத கேள்வியை ஒரு பிள்ளை பாடத்தைப் பாத்துக் கேக்குதுன்னா உள்ள ஏதோ ஓட ஆரம்பிச்சாச்சு.

இதை ஆராய்ச்சிக்காரங்க அழகா ஒரு சமன்பாடாவே எழுதி வச்சிருக்காங்க. காஃப், டன்மர்னு ரெண்டு பேரு, 1986-ல். வாசித்துப் புரிதல் = எழுத்தை ஒலியாக்கும் திறன் × மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்ல, பெருக்கல்ங்கிறது முக்கியம். ஒண்ணு பூஜ்யம்னா மொத்தமும் பூஜ்யம். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு மொழியறிவு இருந்தாலும் புத்தகம் திறக்காது. எழுத்து சுத்தமாத் தெரிஞ்ச பிள்ளைக்கு அந்த மொழி பேசினாப் புரியாதுன்னா வாசிச்சாலும் புரியாது. நாம முதல் பாதிக்கு ட்யூஷன் வைக்கோம், ரெண்டாவது பாதி தன்னால வரும்னு விட்டுடுறோம்.

தமிழ்ல இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தெரியலைன்னா பிள்ளை அதை வாசிக்கவே திணறும், நமக்குத் தெரிஞ்சுரும். தமிழ் அப்படி இல்ல. 247 எழுத்தும் பிடிபட்டாச்சுன்னா அர்த்தம் தெரியாத வார்த்தையையும் பெரும்பாலும் சரியா உச்சரிச்சுரலாம். நல்ல வசதிதான். ஆனா புரியாமையை மறைக்கிறதுக்கும் அதே வசதி. என் அக்கா பையன் நாற்றங்காலைத் தாண்டிப் போனது மாதிரி.

அறிவு இல்லாம புரிதல் இல்லைங்கிறதுக்கு 1988-ல் ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு அமெரிக்கர்கள் செஞ்ச சோதனை ரொம்பப் பிரசித்தம். ஏழாவது, எட்டாவது படிக்கிற 64 பிள்ளைகள்கிட்ட ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பத்தின பத்தியைக் கொடுத்தாங்க. வாசிக்கிறதுல மோசம்னு பேரெடுத்த, ஆனா பேஸ்பால் நல்லாத் தெரிஞ்ச பிள்ளைகள், வாசிக்கிறதுல கெட்டிக்காரங்க ஆனா பேஸ்பால் தெரியாதவங்களைவிட நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. பேஸ்பால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நம்ம ஊருக்கு மாத்திப் பாருங்க. ரப்பர் பால்வெட்டைப் பத்தி ஒரு பத்தி: விடியறதுக்கு முன்ன மரத்துல கீறி, சிரட்டையில பால் வடிய விட்டு, ஆசிட் ஊத்தி உறைய வச்சு ஷீட் அடிக்கிறது. குலசேகரத்துலயோ பேச்சிப்பாறையிலயோ இருக்கிற, தமிழ்ல நாப்பது மார்க் வாங்குற பையன் அதை வாசிச்சு முடிக்கும்போது மழை வந்தா என்னாகும்னு கேப்பான். நாகர்கோவில் டவுன்ல தொண்ணூறு மார்க் வாங்குற பொண்ணு, பால்னதும் மாட்டைத் தேடும். கரைமடி வலையைப் பத்தி எழுதினா முட்டத்துப் பிள்ளை ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுரும். இவங்கள்ல யாரு நல்லா வாசிக்கிற பிள்ளை? எந்தப் பத்தியைக் கொடுக்கீங்கங்கிறதைப் பொறுத்துதான். பிசா விஷயத்துல சொன்ன காரணத்துல உண்மை இருக்குன்னு சொன்னது இதைத்தான். ஆனா அதுக்குத் தீர்வு சோதனைக்குப் போகாம இருக்கிறது இல்லியே. பிள்ளைகளோட உலகத்தைப் பெருசாக்குறதுதானே?

அடுத்தது நம்ம பேச்சு. இதுல எனக்குக் கொஞ்சம் கோவமே உண்டு.

பாடப் புத்தகத்துல மரவள்ளிக்கிழங்குன்னு இருக்கும். பிள்ளை சுத்தமா வாசிக்கும். நேத்து ராத்திரி மீன்கறி ஊத்தி வயிறு முட்டத் தின்ன மரச்சீனிதான் அதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பலாப்பழம்னு வாசிக்கும், வீட்டுல சக்கை. சாவின்னு வாசிக்கும், ஆச்சி "தாக்கோலை எடு மக்களே"ன்னு சொல்லும். இது வெறும் வார்த்தைதான், ரெண்டு தடவை சொன்னா ஒட்டிக்கிடும். ஆனா இந்த ஒட்டு வேலையை யாராவது செய்யணும். நாம அதுக்கு நேரெதிரா ஒண்ணு செய்யுறோம். பிள்ளை "மரச்சீனி"ன்னு சொன்னா "அப்படிச் சொல்லக் கூடாது, மரவள்ளிக்கிழங்குன்னு சொல்லணும்"னு திருத்துறோம். அப்ப பிள்ளை என்ன கத்துக்கிடுது? வீட்டுல உள்ள பேச்சு தப்பு, புத்தகத்துல உள்ளது வேற உலகம், அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. அதுக்கப்புறம் புத்தகத்துல வர்ற கிழங்கை அது ஏன் தன் வீட்டு அடுப்புல தேடப் போகுது? ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சு, "ஆச்சி மரச்சீனிம்பாங்க, புத்தகம் மரவள்ளிக்கிழங்கும்பு, ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லுறதுக்கு அஞ்சு செகண்டு ஆகும்.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு விலகி நிக்குற மொழியில ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குப் பாடப் புத்தகமே பாதி அந்நிய மொழிதான். இதுல இங்கிலீஷ் மீடியம்னா இன்னொரு மாடி. மூணு வயசுல இருந்து இங்கிலீஷ் எழுத்து, இங்கிலீஷ் ரைம்ஸ், இங்கிலீஷ் கதை. வீட்டுல பேசுறது நாஞ்சில் தமிழ். டீச்சரும் பாவம் நம்ம ஊரு ஆளுதான், பாடத்தை வாசிச்சுட்டு அர்த்தத்தைத் தமிழ்ல ஒரு தடவை சொல்லிட்டு, கேள்விக்குப் பதிலை போர்டுல எழுதிப் போடுவாங்க. பெருக்கல் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. கேட்டாப் புரியாத மொழியில பிள்ளை எவ்வளவு வேகமா வாசிச்சாலும் விடை என்ன வரும்? அந்த வேகத்தைத்தான் வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டு கட்டைவிரல் வாங்குறோம். இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்ல வரல. எனக்குச் சோறு போடுறதே அதுதான். ஆனா ஒரு மொழியில ஆழமா யோசிக்கப் பழகின பிள்ளை அந்தப் பழக்கத்தை அடுத்த மொழிக்கும் எடுத்துக்கிட்டுப் போகும்னு ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே எழுதிட்டாரு. காரணத்தைத் தேடுறது, அடுத்தது என்னன்னு ஊகிக்கிறது, இவன் பொய் சொல்லுறானான்னு சந்தேகப்படுறது, இதெல்லாம் ஒரு தடவை கத்துக்கிட்டா போதும். அதை எந்த மொழியில கத்துக்குடுக்க சுலபம்? பிள்ளை சண்டை போடுற மொழியிலதான்.

சரி, என்னதான் செய்யணும்கிறே? புதுசா ஒண்ணும் இல்ல. பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கலாம்.

"காக்கா எங்க உக்காந்துது?" இது பள்ளிக்கூடக் கேள்வி. குறுமன் பிளாந்தை கேள்வி. கதையே புரியாமப் பதில் சொல்லிரலாம்.

"நரிக்கு நெஜமாவே காக்கா பாட்டு கேக்கணும்னு ஆசையா?" இதுக்குப் பதில் கதையில எங்கயும் எழுதியிருக்காது. நரி சொன்னது ஒண்ணு, நினைச்சது ஒண்ணுங்கிறதைப் பிள்ளை தானா கண்டுபிடிக்கணும். நாலு வயசுப் பிள்ளைகள்ல சிலது "ஆமா, நரிக்குப் பாட்டு பிடிக்கும்"னு சொல்லும். அந்தப் பிள்ளைக்குக் கதை புரியல. வார்த்தை அத்தனையும் தெரியும், கதை புரியல. அதைத் திருத்தாதீங்க. "அப்படியா? அப்ப வடை விழுந்த பிறகு நரி ஏன் பாட்டு கேக்காம ஓடிச்சு?"ன்னு கேளுங்க. அதோட முகத்தைப் பாருங்க அப்ப. பல்பு எரியுறது தெரியும்.

இன்னும் போலாம். காக்கா வாயில வடையோட யோசிச்சிருக்குமே, என்ன யோசிச்சிருக்கும்? பாட்டிகிட்ட வடையைத் திருடின காக்காவை நரி ஏமாத்தினது தப்பா? அடுத்த நாள் நரி திரும்ப வந்தா காக்கா என்ன செய்யும்? ஒரு கதைக்கு இதுல ரெண்டு கேள்வி போதும். பத்துக் கேள்வி கேட்டா அது பரீட்சை ஆயிரும், பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஓடும். நீங்களும் பதில் சொல்லணும், அதுவும் முக்கியம். "எனக்கு என்னமோ பாட்டிதான் பாவம்னு தோணுது"ன்னு நீங்க சொன்னாத்தான் இது பேச்சு.

இதுக்கும் ஆதாரம் உண்டு. ஒயிட்ஹர்ஸ்ட் குழு 1988-ல் ரெண்டு மூணு வயசுப் பிள்ளைகளோட பெற்றோருக்கு இதைத்தான் பழக்கினது. படப்புத்தகத்தை நீங்க வாசிச்சுக்கிட்டே போகாதீங்க, "என்ன", "ஏன்"னு கேட்டு பிள்ளையைப் பேச விடுங்க, அது சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்க. ஒரே மாசத்துல அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறன்ல மத்தவங்களைவிடப் பல மாதங்கள் முன்னால போயிருந்தாங்க. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு பாலின்சார், பிரவுன் 1984-ல் செஞ்சது இன்னும் சுவாரசியம். எழுத்தைச் சரியா வாசிக்கிற, ஆனா புரிஞ்சுக்காத ஏழாங்கிளாஸ் பிள்ளைகளை எடுத்துக்கிட்டு, முறை வச்சு ஒவ்வொருத்தரையும் டீச்சரா ஆக்கினாங்க. ஒரு பத்தி வாசிச்சதும் அந்தக் குட்டி டீச்சர் ஒரு கேள்வி கேக்கணும், சுருக்கிச் சொல்லணும், புரியாத இடத்தைச் சொல்லணும், அடுத்து என்ன வரும்னு ஊகிக்கணும். சில வாரத்துலயே நல்ல முன்னேற்றம்.

பள்ளிக்கூடத்துல இது நடக்காதான்னு கேட்டா, நடக்கிற இடமும் உண்டு, ஆனா அங்கயும் பழக்கம் எதிராத்தான் இருக்கு. இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல டோலோரஸ் டர்கின்னு ஒரு அம்மா நாலாங்கிளாஸ் அறைகள்ல உக்காந்து 4,469 நிமிஷ வாசிப்பு வகுப்பைக் கவனிச்சு 1978-79-ல் எழுதினாங்க. எப்படிப் புரிஞ்சுக்கணும்னு உண்மையிலேயே சொல்லிக்கொடுத்த நேரம் அதுல ஒரு சதவீதம்கூட இல்ல. கேள்வி கேட்டு விடை சரியா தப்பான்னு பாத்ததுதான் நிறைய. சோதிக்கிறதையே சொல்லிக்கொடுக்கிறதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

இந்த இடத்துல அரசுப் பள்ளி வாத்தியார் யாராவது படிச்சா "தம்பி, முதல்ல எழுத்தையாவது வாசிக்கட்டும்வே"ன்னு சொல்லுவாரு. நியாயம். வீடு வீடாப் போயி பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பாக்குற ஏசர் ஆய்வில், 2022-ல் இந்தியா முழுக்க மூணாங்கிளாஸ் பிள்ளைகளில் 20.5 சதவீதம் பேராலதான் ரெண்டாங்கிளாஸ் பாடத்தை வாசிக்க முடிஞ்சுது. கொரோனா பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் போட்டதோட பலன். 2024-ல் அது 27.1-க்கு ஏறியிருக்கு. எழுத்து இல்லாம பெருக்கல் இல்லைன்னு மேல நானே சொல்லிட்டேன். ஆனா எழுத்து முடிஞ்ச பிறகு அர்த்தம்னு வரிசை போட முடியாது. எழுத்து தெரியாத பிள்ளைக்கும் கதை சொல்லிக் கேள்வி கேக்கலாம்லா? ரெண்டும் ஒண்ணா ஓடணும்.

அரசாங்கம் இதுல சும்மா இல்லைங்கிறதையும் சொல்லணும். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்துது, தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருவுல வச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. பூட்டின காலத்துல இழந்ததுல பெரும்பங்கை ஆறு மாசத்துல பிள்ளைகள் மீட்டதாவும், அந்த மீட்சியில சுமார் நாலில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தாலன்னும் கார்த்திக் முரளிதரன் குழு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கு. 2022-ல் எண்ணும் எழுத்தும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு, அவங்கவங்க நிக்கிற இடத்துல இருந்து சொல்லிக்கொடுக்கிற திட்டம். 2023-ல் வாசிப்பு இயக்கம். நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா குட்டிக் குட்டிக் கதைப் புத்தகங்கள். பேரு வச்சவரு வாழ்க. இந்த மாதிரி புத்தகம் கைக்குக் கிடைக்கிற, அதைப் பத்திப் பேசுற ஒரு டீச்சரும் அமையுற அரசுப் பள்ளிப் பிள்ளை, வருஷத்துக்கு அரை லட்சம் கட்டி இங்கிலீஷ் பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளையைவிட வாசிப்புல முன்னால போகும்னுதான் என் அபிப்பிராயம். எங்க தெருவுல இதைச் சொன்னா அடிக்க வருவாங்க.

"எங்களுக்கு நேரம் எங்க இருக்கு?"ங்கிறது அடுத்த கேள்வி. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு, அப்பா துபாய்ல இருக்கிற வீடு, நம்ம மாவட்டத்துல ரெண்டும் அதிகம். வீட்டுல ஆச்சியோ பாட்டாவோ இருந்தா வேலை சுலபம். ஆச்சிக்குக் கண்ணு தெரியாது, எழுத்து தெரியாதுன்னா இன்னும் நல்லது. பிள்ளை பள்ளிக்கூடத்துல வாசிச்ச கதையை ஆச்சிக்குச் சொல்லணும், புத்தகத்தைப் பாக்காம, வீட்டுப் பேச்சுல. எழுத்துத் தமிழை நாஞ்சில் தமிழுக்கு மாத்தணும்னா புரியாம மாத்த முடியாது. கோனார் உரையும் கைகொடுக்காது. ஆச்சி குறுக்க குறுக்க "ஏன் அவன் அப்படிச் செஞ்சான்?", "பொறவு?", "இது என்ன கூத்து, ராஜாவுக்குக் கண்ணு தெரியாதா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஒயிட்ஹர்ஸ்டுக்கு ஆராய்ச்சி செஞ்சு தெரிஞ்சது ஆச்சிக்கு வெத்தலை இடிச்சுக்கிட்டே தெரியும். இங்கிலீஷ் பாடத்துக்கும் இதையே செய்யலாம். இங்கிலீஷ்ல வாசி, ஆச்சிக்குத் தமிழ்ல சொல்லு. சொல்ல முடியலைன்னா அது புரியல, அவ்வளவுதான். ரிப்போர்ட் கார்டைவிட நம்பகமான அளவுகோல்.

பி.கு.: புத்தகத்துக்கு எங்க போகன்னு கேக்குறவங்களுக்கு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கின ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைகள் நாலு நிலையில இலவசமா கிடைக்கும், டவுன்லோடு பண்ணி பிரிண்ட் எடுக்கவும் செய்யலாம். துளிகா, பாரதி புத்தகாலயம் ரெண்டு பேரும் குழந்தைகளுக்கு நல்ல புத்தகங்கள் போடுறாங்க. கவிமணியோட குழந்தைப் பாட்டுகளையும் விட்டுராதீங்க. தேரூர்க்காரர், வாத்தியாரா இருந்தவரு, பிள்ளைக்கு என்ன புரியும்னு தெரிஞ்சு எழுதினவரு. ஊர்க் கிளை நூலகத்துல குழந்தைகள் பகுதி எந்த அலமாரியில இருக்குன்னு ஒரு தடவை போயி கேட்டுப் பாருங்க. எங்க ஊர்ல அது பூட்டின கண்ணாடி அலமாரிக்குள்ள இருந்துது. கேட்டதும் தாக்கோலைத் தேடி எடுத்துத் திறந்து குடுத்தாங்க.